தனி வந்தா தள்ளி விடாதீங்க

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இடது கைக்காரர்னு நம்ம காலேஜ்ல எல்லாருக்கும் தெரியும். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏத்தின புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை வழியில வந்த மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் (1908–1962) இடது கைதான். அவர் வாசிச்சா வயலின்காரர் இடம் மாறி உட்காரணும். அதுக்கே சிலர் ஒத்துக்கல. செம்பை வைத்தியநாத பாகவதர் கூட்டிப்போய் மேடை கொடுத்தார்.

அந்தக் கால 78 ஆர்.பி.எம். தட்டுல ஒரு பக்கம் மூணு நிமிஷம் சொச்சம்தான். தனி ஆவர்த்தனத்துக்கு அதுல ஏது இடம்? தொப்பியில அவர் எழுப்புற கும்கியைக் கேட்கக் கச்சேரிப் பதிவுதான் வழி. ஆனா யூடியூப்ல பல பதிவுகள்ல பாடகர் பேர்தான் தலைப்பு. பக்கவாத்தியம் யாருன்னு தேடித்தான் கண்டுபிடிக்கணும். இது அநியாயம். பதிவேத்துறவங்க தலைப்புலயே அந்தப் பேரையும் போடணும். நாமளும் தனி வந்ததும் தள்ளி விடுறதை நிறுத்தணும்.