பத்து மணிக்குள் ஒரு நள்ளிரவு

நவம்பர் கடைசியில் மும்பையின் கத்தோலிக்கப் பங்குகளில் ஒரு கூட்டம் நடக்கும். பங்குத்தந்தையைச் சுற்றி, பேரவை உறுப்பினர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். குடில் போட்டிக்கு யார் நடுவர், பாடகர் குழுவுக்கு எத்தனை மைக், வண்டிகளை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் கேள்விதான் கூட்டத்தை இழுத்தடிக்கும். இந்த வருடம் நள்ளிரவுத் திருப்பலி எத்தனை மணிக்கு?

வெளியாருக்கு இது வேடிக்கையான கேள்வி. நள்ளிரவுத் திருப்பலி நள்ளிரவில்தானே நடக்க வேண்டும்? மும்பையில் அது நிச்சயமில்லை. பல கோயில்களில் டிசம்பர் 24 இரவு எட்டு மணிக்கோ, அதற்கும் முன்போ தொடங்கி, பத்து மணிக்குள் முடிந்துவிடுகிறது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு ஜரிகைச் சட்டை போட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் பெண்ணிடம் பக்கத்து வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால், 'மிட்நைட் மாஸ்' என்றுதான் பதில் வரும்.

காரணம் இறையியல் அல்ல, ஒலிபெருக்கி. வருடம் முழுவதும் கோயில் பக்கம் எட்டிப்பார்க்காதவர்களும் அன்று இரவு வருவார்கள். அவ்வளவு கூட்டத்தைக் கோயில் கொள்ளாது. எனவே பக்கத்துப் பள்ளி மைதானத்தில் பீடம் போட்டு, நாற்காலி பரப்பி, திறந்த வெளியில் திருப்பலி நடக்கும். திறந்த வெளி என்றால் ஒலிபெருக்கி வேண்டும். 2000இல் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. பண்டிகைகளுக்கும் ஒரு சலுகை உண்டு. வருடத்தில் மொத்தம் 15 நாட்களுக்கு மிகாமல், மாநில அரசு விரும்பினால் நள்ளிரவு 12 மணி வரை அனுமதிக்கலாம் என்று 2002இல் ஒரு திருத்தம் வந்தது. கணபதிக்கும் நவராத்திரிக்கும் அது பயன்படும். கிறிஸ்துமஸ் திருப்பலிக்கு அதனால் முழுப் பயனில்லை. 12 மணிக்குத் தொடங்குவதுதான் அதன் இலக்கணம். சலுகை முடிகிற நேரமும் அதுதான்.

இந்தச் சட்டத்தின் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அங்கே ஒரு குடியிருப்பின் நடுவே இருந்த பெந்தெகொஸ்தே சபை, டிரம், கிடார், ஒலிபெருக்கி சகிதம் ஜெபம் நடத்தியது. குடியிருப்பு நலச் சங்கம் வழக்குத் தொடுத்தது. பிறர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்து வழிபடும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் சொன்னது அந்த வழக்கில்தான். 2005இல் அதே நீதிமன்றம் வழங்கிய விரிவான தீர்ப்பின் பின்னணி இன்னும் துயரமானது. பலாத்காரத்துக்கு ஆளான 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் அலறல், பக்கத்தில் ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டிருந்த பாட்டில் அமுங்கிப் போனது. பிறகு அவள் தீக்குளித்து இறந்தாள் என்ற பத்திரிகைச் செய்தியை ஆதாரமாகக் காட்டி, 1998இல் ஒரு பொறியாளர் தொடுத்த வழக்கு அது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பத்து மணி விதியைக் கேலி பேசுவது எளிதல்ல.

ஆனாலும் மும்பைக் கத்தோலிக்கர்களுக்கு ஆதங்கம் தீரவில்லை. திருப்பலி முடிந்து மைதானத்தில் கேக் துண்டோடு நிற்கும்போது அது வெளிப்படும். மற்றவர்கள் விடிய விடியக் கொட்டு அடிக்கும்போது எங்கே போனது இந்தச் சட்டம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கல்யாண ஊர்வல பேண்டுகளைக் கேட்டாலே தெரியும். ஆனால் அடுத்தவன் மீறுகிறான் என்பது நாமும் மீறுவதற்கு உரிமை ஆகாது. பெரும்பாலான பங்குகள் அந்த வாதத்தை மைதானத்தோடு விட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துத் திருப்பலியை முடித்துக்கொள்கின்றன.

இதில் இழப்பு என்ன? பண்டிகை எட்டு மணிக்கு வந்தால் என்ன, பன்னிரண்டு மணிக்கு வந்தால் என்ன?

இதற்கு விடை தேட, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களைப் பார்க்க வேண்டும். திருவருகைக் காலம். பழைய புத்தகங்களில் ஆகமன காலம். நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாளை ஒட்டி வரும் ஞாயிறு அன்று தொடங்குகிறது. திருச்சபையின் புத்தாண்டும் அன்றுதான். குருவின் திருவுடை ஊதா நிறமாகிறது. மூன்றாவது ஞாயிறு மட்டும் ரோஜா நிறம் அனுமதி. ஞாயிறுதோறும் பாடும் வானவர் கீதம் நிறுத்தப்படுகிறது. பீடத்தருகே பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள். வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். (இந்த வளையம் கத்தோலிக்கருடைய கண்டுபிடிப்பு அல்ல. 1839இல் ஹாம்பர்க் நகரில் ஒரு லுத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது என்று நச்சரித்த அநாதைப் பிள்ளைகளுக்காகச் செய்தது.)

எல்லாமே காத்திருப்பதற்கான ஏற்பாடுகள். பக்கத்துப் பங்குகளின் குருக்கள் ஒரு மாலையில் கூடிவந்து உட்கார, பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளும். மறைக்கல்வி வகுப்பில் நல்ல காரியம் ஒன்று செய்த பிள்ளை, தீவனத் தொட்டியில் ஒரு வைக்கோல் போடலாம். பாலன் படுக்கும்போது குத்தாமல் இருக்க வேண்டுமே! இளைஞர்கள் குடில் கட்டுகிறார்கள். மாதா, சூசையப்பர், மாடு, கழுதை எல்லாம் வந்துவிடும். தொட்டி மட்டும் காலியாக இருக்கும். 1223இல் இத்தாலியின் கிரெச்சோ கிராமத்தில் அசிசியின் பிரான்சிஸ் அமைத்த குடிலிலும் உயிருள்ள மாடும் கழுதையும் வைக்கோலும் இருந்தன. மும்பைக் குடில்களில் அவற்றோடு மேம்பாலமும் உள்ளூர் ரயிலும் இடம்பெறுவதுண்டு.

வீடுகளிலும் இதே காத்திருப்பு. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒவ்வொரு பலகாரம். கோவாக்காரர்களுக்கு பெபிங்கா, தொதோல். மங்களூர்க்காரர்கள் பலகாரத் தட்டு மொத்தத்தையும் குஸ்வார் என்பார்கள். நகரத்தின் பூர்வீகக் கத்தோலிக்கர்களான ஈஸ்ட் இந்தியர்களுக்கு வாத்துக் கறி மொயிலும், பந்து போல் உப்பும் ஃபுகியாவும். (மேற்குக் கரையில் இருப்பவர்கள் கிழக்கிந்தியர் ஆனது எப்படி? வெளியிலிருந்து வேலைக்கு வந்த கத்தோலிக்கர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட, 1887இல் விக்டோரியா ராணியின் பொன்விழாவை ஒட்டி, கம்பெனியின் பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள்.) கோவாக்காரர்களின் நெவ்ரியைப் பிட்டுப் பார்க்கும் தமிழர், அட, நம் சோமாசி என்பார். சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்டும் குல்குல் எல்லா வீட்டுக்கும் பொது. இவற்றையெல்லாம் டப்பாவில் அடைத்து மேல் அலமாரியில் வைப்பார்கள். பாலன் பிறக்கும் முன் தொடக் கூடாது. எந்தப் பிள்ளையும் அந்தக் கட்டளையை முழுமையாக அனுசரித்ததில்லை என்பது வேறு விஷயம்.

இந்த ஒத்திகையெல்லாம் ஒரு குறிப்பிட்ட நொடியை நோக்கித்தான். பழைய தலைமுறைக்கு அந்த நொடியின் கனம் இன்னும் அதிகம். 1953 வரை, நற்கருணை வாங்குகிறவர் முந்தைய நள்ளிரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மாலைத் திருப்பலி என்பதே பொதுவாகக் கிடையாது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து நண்பகலுக்கு ஒரு மணி நேரம் பின்பு வரைதான் பூசை தொடங்கலாம். அதற்கு விதிவிலக்கு கிறிஸ்துமஸ் இரவு. பாஸ்கா திருவிழிப்புகூட 1951இல் சீர்திருத்தப்படும்வரை சனிக்கிழமை காலையிலேயே முடிந்துகொண்டிருந்தது. அதாவது, சாதாரணக் கத்தோலிக்கர் வருடத்தில் ஒரே ஒரு முறைதான் இருட்டில் எழுந்து, விளக்கெரியும் கோயிலுக்குள் நுழைந்தார். டிசம்பர் 24 பகலில் ஒருசந்தியும் சுத்தபோசனமும். பூசை முடிந்து வீடு திரும்பியதும் விருந்து. கோவாக்காரர்கள் அதற்குச் சேவல் பூசை என்றே பெயர் வைத்திருந்தார்கள். முடிந்து வெளியே வந்தால் சேவல் கூவும்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் ஞாயிறு திருப்பலி நடக்கிறது. ஒருசந்தி ஒரு மணி நேரமாகச் சுருங்கியது 1964இல். எனவே எட்டு மணிக்கு நடக்கும் கிறிஸ்துமஸ் திருப்பலி, விளக்கையும் நட்சத்திரத்தையும் கழித்துவிட்டால், இன்னொரு சனிக்கிழமை மாலை போலத்தான் இருக்கும். இழப்பு என்று முதியவர்கள் சொல்வது இதைத்தான். அவர்களால் அதை இவ்வளவு விளக்கமாகச் சொல்ல முடிவதில்லை. 'அந்தக் காலம் மாதிரி இல்லை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இளையவர்கள் சிரிக்கிறார்கள்.

திருச்சபையைக் கேட்டால் நள்ளிரவு கட்டாயம் என்று அது சொல்லவே இல்லை. கிறிஸ்துமஸுக்குத் திருப்பலி நூலில் நான்கு திருப்பலிகள்: திருவிழிப்பு, இரவு, விடியல், பகல். இரவுத் திருப்பலி என்றிருக்கிறதே தவிர நடு இரவு என்று இல்லை. லூக்காவும் இடையர்கள் இரவில் கிடை காத்தார்கள் என்கிறார், மணி சொல்லவில்லை. ரோமாபுரியிலேயே நேரம் மாறியிருக்கிறது. 2009இல் 16ஆம் பெனடிக்ட், களைப்பைத் தவிர்க்க இரவு 10 மணிக்கு மாற்றினார். 2020இல் கொரோனா ஊரடங்கால் பிரான்சிஸ் ஏழரை மணிக்கே திருப்பலி நிறைவேற்றினார். அதே டிசம்பரில் மகாராஷ்டிர நகரங்களில் இரவு 11 மணி முதல் ஊரடங்கு. அந்த வருடம் நேரம் பற்றி எந்தப் பங்குப் பேரவையும் விவாதிக்கத் தேவைப்படவில்லை.

மற்ற வருடங்களில் விவாதம் இரண்டு வழிகளுக்கு இடையில்தான். மைதானம் என்றால் எட்டு மணி, எல்லாருக்கும் இடம். கோயிலுக்குள் என்றால் சத்தத்தை வெளியே விடாமல் நள்ளிரவிலேயே நடத்தலாம். ஆனால் முதலில் வந்தவருக்கே இருக்கை. பேரவையில் இதைச் சொல்லும்போது ஒவ்வொருவரும் தன் வீட்டை நினைத்துத்தான் பேசுகிறார். நாற்பது வருடம் பாடகர் குழுவில் இருந்தவர் நள்ளிரவுக்காக வாதாடுவார். அவர் மனைவிக்கு மூட்டு வலி. எட்டு மணியென்றால் அவளால் வர முடியும். இதை அவர் சொல்ல மாட்டார், வேறு யாராவது சொல்வார்கள். கைக்குழந்தைக்காரிக்கு எட்டு மணி சௌகரியம். கடையிலும் ஓட்டலிலும் வேலை செய்கிறவர்களுக்கு அது நடக்காத காரியம். டிசம்பர் 24 இரவு எட்டு மணிக்கு எந்த முதலாளி விடுவார்? அவர்களுக்கு நள்ளிரவுதான் தோது. திரும்பக் கடைசி ரயிலைப் பிடிக்க முடியாது என்பது கூடுதல் தலைவலி. பல மொழிக்காரர்கள் இருக்கும் பங்கில் சிக்கல் இன்னும் கூடும். ஆங்கிலம், கொங்கணி, மராத்தி, தமிழ் என்று எல்லாமே பத்து மணிக்குள் அடங்க வேண்டும். ஏதாவது ஒரு மொழிக்குச் சூரியன் மறைவதற்கு முன்பே 'நள்ளிரவு' வந்தாக வேண்டும், அல்லது மறுநாள் காலைக்குத் தள்ளிப்போக வேண்டும். எண்ணிக்கையில் குறைந்தவர்கள்தான் பெரும்பாலும் தள்ளிப்போகிறார்கள். மும்பையில் தமிழருக்கு இது பழகிய அனுபவம். சட்டத்தைக் குறை சொல்வதில் செலவாகும் நேரத்தில் பாதியை இந்தப் பங்கீட்டை நியாயமாகச் செய்வதில் செலவிட்டால் பேரவைக் கூட்டங்களும் சீக்கிரம் முடியும்.

கடைசியில் மைதானமே ஜெயிக்கிறது. டிசம்பர் 24. விளக்குகளை அணைத்துவிட்டு ஒருவர் கிறிஸ்து பிறப்பு அறிவிப்பைப் பாடுகிறார். ரோம் நகரம் நிறுவப்பட்ட 752ஆம் ஆண்டு, அகஸ்துஸ் அரசாண்ட 42ஆம் ஆண்டு என்று உலக வரலாற்றையே எண்ணிக்கொண்டு வந்து பெத்லகேமில் நிறுத்தும் பழைய பாடல் அது. நான்கு வாரமாக அடக்கி வைத்த வானவர் கீதம் வெடிக்கிறது. மணிகள் எல்லாம் ஒலிக்கின்றன. பாலன் தொட்டிக்கு வருகிறார். விசுவாச அறிக்கையில் 'மனிதர் ஆனார்' என்ற இடத்தில், வழக்கமாகத் தலை மட்டும் வணங்குபவர்கள் அன்று முழந்தாளிடுகிறார்கள். மைதானத்து மண்ணில், புதுப் பட்டுப்புடவையோடு.

மறையுரை சுருக்கமாக இருக்கும். இதற்காகப் பத்து மணி விதிக்கு நன்றி சொல்பவர்களும் உண்டு. ஒன்பதே முக்காலுக்கு நற்கருணை வரிசை முடிகிறது. பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒலிபெருக்கிக்காரர் மேடையின் பின்னாலிருந்து கை காட்டுகிறார். இறுதிப் பாடலின் கடைசி வரிகள் மைக் இல்லாமல் ஒலிக்கின்றன.

பத்தேகாலுக்கு எல்லாரும் வீட்டில். புதுச் சட்டையைக் கழற்ற மனமில்லை. தூக்கமும் வரவில்லை. தொலைக்காட்சியைப் போட்டு அணைக்கிறார்கள். கோயிலில் பாலன் பிறந்தாயிற்று, ஆனால் வீட்டுக் குடிலில் தொட்டி இன்னும் காலி. பாட்டி விடவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுகிறாள். பேரன் பலகார டப்பாவையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான். பன்னிரண்டு அடிக்கும்போது, பஞ்சில் சுற்றி வைத்திருந்த கட்டைவிரல் அளவு மண் பொம்மையை எடுத்து அவன் கையில் கொடுக்கிறாள்.