கெணத்துல விழுந்த ரேடியோ!

தீபாவளி போனஸில் கிடாருக்கு ஒரு ஃபேஸர் பெடல் வாங்கினேன். எம்.எக்ஸ்.ஆர். ஃபேஸ் 90. 1974-ல் வந்த மாடல். ஒரே குமிழ்தான், வேகத்துக்கு. நமக்கு அதுவே ஜாஸ்தி!

குரங்கணி வீட்டுத் திண்ணையில் ஸ்பீக்கரை வைத்து, குமிழை முழுசாகத் திருகி வாசித்தேன். 'கெணத்துல விழுந்த ரேடியோ மாதிரி இருக்குடா' என்றார் அப்பா. ஏலத்தோட்டத்து மனுஷர். நான் கிடாரைத் தொட்டாலே எழுந்து போய்விடுவார்.

அவர் சொன்னது நெசம் ஸார். பெடல் சப்தத்தை இரண்டாக்கி, ஒன்றின் அலையை நகர்த்தி, மறுபடி கலக்கிறது. சில அதிர்வுகள் அடிபட்டுப் போகும். அந்தப் பள்ளங்கள் மேலும் கீழும் நகர்வதுதான் ஃபேஸர். வேகம் கூடினால் கிணறேதான்!

மறுநாள் விடியலில் குமிழைக் குறைத்து, மலையில் மேகம் ஏறுகிற வேகத்துக்கு வைத்தேன். அப்பா எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது கையில் இரண்டு டம்ளர் டீ.