என்ஜின் நின்றால் மூக்கை இறக்கு

சிறிய விமானம் ஒன்று என்ஜின் பழுதாகி வயலிலோ நெடுஞ்சாலையிலோ இறங்கினால், மறுநாள் செய்தியில் ‘அதிசயமாக உயிர் தப்பினார்’ என்ற வரி தவறாமல் வரும். மாணவர்களே, அந்த ‘அதிசயம்’ என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே நடப்பது பெரும்பாலும் நீங்கள் மூன்றாம் படிவத்தில் படிக்கும் ஆற்றல் பாடம்தான்.

என்ஜின் நின்ற விமானம் கல்லைப்போல் விழாது. உயரத்தில் இருப்பதாலேயே அதனிடம் நிலையாற்றல் சேமிப்பாக இருக்கிறது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால் அந்தச் சேமிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகும், வேகம் குறையாது. உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வேகத்தைக் காப்பாற்றினால், அது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் ஒன்பது மீட்டர் முன்னே போய்விடும். 1,000 மீட்டர் உயரத்தில் என்ஜின் நின்றால், ஒன்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் ஒரு வெட்டவெளியைத் தேட நான்கு நிமிடங்களுக்கு மேல் கிடைக்கும்.

சிக்கல் கையில் இருக்கிறது. தரை நெருங்கி வருவதைக் கண்டால் மனிதக் கை விமானத்தின் மூக்கை மேலே தூக்கத்தான் பார்க்கும். தூக்கினால் வேகம் குறையும். வேகம் குறையக் குறைய, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகிவிடும். இதைத்தான் ‘ஸ்டால்’ என்கிறார்கள். அப்போதுதான் விமானம் உண்மையிலேயே விழும்.

அடுத்த ஆசை, புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்பது. இதிலும் கணக்கு உண்டு. நேராகப் பறக்கையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பினால் 107 கிலோமீட்டரிலேயே ஸ்டால் ஆகும். புறப்பட்ட உடனே என்ஜின் நின்றால் பெரும்பாலும் நேர் முன்னே இறங்கு என்று விமானிகளுக்குச் சொல்லித் தருவது இதனால்தான்.

ஸ்டார் வார்ஸ் நடிகர் ஹாரிசன் ஃபோர்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2015 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிக்கா விமான நிலையத்திலிருந்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்து ரையன் பயிற்சி விமானத்தில் அவர் கிளம்பினார். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி உயரத்தில் என்ஜின் சக்தி இழந்தது. அவர் ஓடுபாதையை நோக்கித் திரும்பினார். எட்டாது என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டு அருகிலிருந்த கோல்ஃப் திடலைத் தேர்ந்தெடுத்தார். விமானம் ஒரு மரத்தில் உரசித் தரையில் மோதியது. பலத்த காயம், ஆனால் உயிர் பிழைத்தார். ஓடுபாதை எட்டாது என்று ஒப்புக்கொண்ட அந்த நொடிதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. விசாரணையில் கார்புரேட்டருக்குள் இருந்த ஒரு சிறிய திருகுத் துண்டு தளர்ந்து, எரிபொருள் அளவுக்கு மீறிப் பாய்ந்தது தெரியவந்தது.

கார்புரேட்டர் என்றதும் நம் நாட்டு வெயிலில் நம்பக் கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டும். அதற்குள் பனிக்கட்டி உறையும். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். குறுகிய குழாயில் காற்றின் அழுத்தமும் குறையும். இரண்டும் சேர்ந்து வெப்பநிலையை 30 பாகைக்கு மேல்கூடக் குறைத்துவிடும். நம்முடையதைப் போன்ற ஈரக்காற்று என்றால் கேட்கவே வேண்டாம். வெந்நீர் ஆறும் கதையைப் பரீட்சைக்கு எழுதும் அதே பாடம்தான் இது. மருந்து, சூடான காற்றை உள்ளே விடும் ஒரு கைப்பிடி. அதை இழுத்தவுடன், உருகிய நீர் உள்ளே போவதால் என்ஜின் முன்பைவிட மோசமாக இருமும். பயந்துபோய்க் கைப்பிடியைத் திரும்பத் தள்ளுபவர் கெட்டார். பொறுத்திருப்பவருக்கு என்ஜின் சீராகும்.

நான் கேட்பது இதுதான்: ‘நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது’ என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்குகிற மாணவர், கை எதிர்ப்பக்கம் இழுக்கும்போதும் அதை நம்புவாரா? விமானிகள் என்ஜினை முழுவேகத்திலிருந்து தணித்துவிட்டு இதைத் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். நாமோ ஒருமுறை செய்து பார்க்க வேண்டியதையும் பத்துமுறை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பரிசோதனைக்கு நேரமில்லை என்று ஆசிரியர் அறையில் நாங்கள் சொல்லும் சாக்கு எனக்கு வரவர நியாயமாகப் படவில்லை. பாதிப் பரிசோதனைகளுக்கு ஐந்து நிமிடம்கூட வேண்டாம்.

இந்த வாரம் காகித விமானம் ஒன்று செய்யுங்கள். மூக்கில் காகிதக் கிளிப் மாட்டி மெதுவாக எறியுங்கள். பிறகு அதே கிளிப்பை வாலில் மாட்டுங்கள். எறிவதற்கு முன், அது எப்படிப் பறக்கும் என்று நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். பென்சில் வேண்டாம், அழிக்கத் தோன்றும்.