அதிபராவதற்கும் ஒரு பயிற்சி

எமக்குத் தெரிந்த கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய வகுப்பிலே பின்னக் கணக்குக்கு அஞ்சிய பிள்ளையை யாம் கண்டதில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, திறப்புக் கோவையையும் காசுப் புத்தகத்தையும் கையிற் கொடுத்து அவரை அதிபராக்கினார்கள். ஆறு மாதத்துள் காசுக் கணக்கும் பிழைத்தது, கணித வகுப்பும் பாழாயிற்று. குற்றம் அவருடையதன்று. நன்றாகக் கற்பிப்பவர் நன்றாக நடத்தவும் வல்லவர் என்று எண்ணியவர்களுடையது.

அமெரிக்காவிலே 'சாட்டர்' பாடசாலைகள் எனப்படும் சாசனப் பாடசாலைகள் இவ்விடயத்தில் வேறு வழி தேடின. இவற்றுக்கான முதற் சட்டத்தை மினசோட்டா மாநிலம் 1991இல் இயற்றிற்று. முதற் பாடசாலை அடுத்த ஆண்டு சென் போல் நகரில் திறந்தது. பணம் அரசாங்கத்தினுடையது, நிருவாகம் தனிச் சபையினுடையது. கட்டணம் இல்லை. இடத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தாற் பெரும்பாலும் திருவுளச் சீட்டு. ஒப்பந்தப்படி பயன் காட்டாத பாடசாலையை மூடிவிடவும் கூடும். அப்பொழுது பிள்ளைகள் புத்தகப் பையோடு வேறிடம் தேடவேண்டியதுதான். கட்டடம், சம்பளம், வாகனம் என்று கல்விக் கந்தோர் பார்க்கும் வேலைகளிற் பலவும் இங்கே அதிபர் தலையில் விழுகின்றன.

1994இல் ஹூஸ்டன் நகரில் இரு இளம் ஆசிரியர் தொடங்கிய 'கிப்' என்னும் திட்டத்துக்கு, 'காப்' உடுப்புக் கடைகளை நிறுவிய பிஷர் தம்பதியர் 2000இல் உதவ முன்வந்தனர். அப்பணத்தால் முதலில் ஆயத்தஞ் செய்யப்பட்டவர்கள் அதிபர்களே. ஓராண்டுப் பயிற்சி. தொடக்கம் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரியில். பாடசாலை நடத்த வணிகக் கல்லூரியா என்று எமக்கும் நகைப்பு வந்தது. ஆயின் சம்பளப் பட்டியல் வரவுக்குள் அடங்காவிடில் எந்தக் கல்விக் கொள்கையும் அதனை அடக்கித் தராது.

அதனிலும் பெறுமதியானது, நன்கு நடக்கும் பாடசாலைகளிற் சென்று தங்கிப் பழகுவது. அதிபர் ஒருவர் வகுப்புக்குட் போய் வந்தபின் ஆசிரியரிடம் என்ன சொல்கிறார்? நியூவாக் நகரத்துப் பாடசாலைகளை நடத்திய போல் பாம்பிரிக் சன்ரோயோ என்பவர் 2012இல் இதுபற்றி ஒரு நூல் எழுதினார். ஆண்டுக்கொருமுறை நீண்ட அறிக்கை எழுதுவதை விடுத்து, அடிக்கடி சிறிது நேரம் வகுப்பைப் பார்த்து, திருத்தவேண்டிய ஒன்றை மட்டும் சொல்லி, அதனை அங்கேயே செய்து பழகச் செய்வது அவர் முறை. இத்தகைய பயிற்சிகளில் ஒருவர் அதிபராகவும் மற்றவர் ஆசிரியராகவும் நடித்துப் பேசிப் பார்ப்பதும் உண்டு. வளர்ந்தவர்கள் நாடகமாடுவது வேடிக்கைதான். எனினும் மனம் நோகாமற் குறை சொல்வது ஒத்திகையின்றி எத்தனை பேருக்கு வரும்?

இத்தனை பயின்றும் களைத்து விலகுவோர் உளர். மூடப்பட்ட பாடசாலைகளும் உள. ஓராண்டிற் பழகக்கூடியது இவ்வளவு என்பதற்கும் ஓர் எல்லையுண்டு.

எமது கணித ஆசிரியர் மறு ஆண்டு தாமே கேட்டு வகுப்புக்குத் திரும்பினார். திறப்புக் கோவை சங்கீத ஆசிரியரின் கைக்குப் போயிற்று, அதுவும் ஒரு திங்கட்கிழமை காலையிலேயே.