ஈறில் கசியும் இரத்தம்

மார்கழி வைகறையில் பல் துலக்கி நீராடாமல் எவரும் கோயில் வாசலை மிதிப்பதில்லை. ஆயினும் அந்தப் பல் துலக்கல் பல இல்லங்களில் அரை நிமிடச் சடங்காக முடிந்துவிடுகிறது.

கார்த்திகையில் ஐம்பது வயது கடந்த ஓர் அம்மையார் வந்தார். "ஈறிலிருந்து இரத்தம் வருகிறது டாக்டர், அந்தப் பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். உடன் வந்த மகளுக்கு வேறு கவலை. "அம்மா மாத்திரையைத் தவறவிடுவதே இல்லை. பிரசாதப் பொங்கலில்கூட ஒரு விரல்தான். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லையே!"

இருவரும் ஒரே நோயின் இரு முனைகளைப் பற்றிப் பேசினார்கள் என்றே கூறலாம். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிகின்றன. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களின் ஆற்றலும் குன்றுகிறது. பல்லோரக் காரையில் குடியிருக்கும் கிருமிகள் ஈறுகளைப் புண்ணாக்கி, பல்லைத் தாங்கும் எலும்பையும் கரைக்கின்றன. இதற்கு மறுதிசையும் உண்டு. ஈறின் அழற்சியில் தோன்றும் வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலைக்குத் தடையாகின்றன. ஈறு நோய்க்குச் சிகிச்சை அளித்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை சற்றே தாழ்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாத்திரைக்கு அது மாற்றன்று; துணை.

"சுத்தம் செய்தால் பல் ஆடிவிடுமாமே?" என்று அம்மையார் அஞ்சினார். இவ்வச்சத்தாலேயே பற்களை இழந்தோர் பலரைக் கண்டிருக்கிறேன். காரை பல்லைப் பிடித்து நிற்பதுபோல் தோன்றும். அதன் அடியில்தான் எலும்பு கரைகிறது. அகற்றியபின் தெரியும் ஆட்டம், முன்பே நேர்ந்துவிட்ட இழப்பு.

எல்லா நோய்க்கும் பல்லே மூலம் என்று எண்ணிவிடவும் வேண்டாம். 1910இல் மாண்ட்ரீல் நகரில் வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் ஆற்றிய உரைக்குப் பின், மூட்டுவலிக்கெல்லாம் நல்ல பற்களைக்கூடப் பிடுங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்த மிகையை மருத்துவம் பின்னர் கைவிட்டது.

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கோ அபாயம் மெய்யானது. பல் பிடுங்கும்போது வாய்க் கிருமிகள் இரத்தத்தில் புகுந்து வால்வில் தங்கினால் உயிருக்கே ஊறு நேரலாம். அவர்கள் நாற்காலியில் அமருமுன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். முன்னதாக ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் தரப்படும். பல்லுக்கு வந்த இடத்தில் இதயத்தைப் பற்றி ஏன் பேசுவானேன் என்று பலர் மௌனமாக இருந்துவிடுகிறார்கள்.

அம்மையாருக்கு இரண்டு முறையாகக் காரையை அகற்றினோம். மிருதுவான பிரஷ்ஷால் இரவிலும், இரத்தம் கசியும் இடத்தையும் விடாமல் துலக்கச் சொன்னேன். இப்போது கசிவு நின்றுவிட்டது. சர்க்கரைப் பரிசோதனை மாசியில்.