நவராத்திரி மேக்கப் சாமான் விஷயமா குரூப்பில் சிரித்தவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வாரம் நம்ம கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் நான் ரெண்டே வரிதான் போட்டேன். இந்த வருஷம் நவராத்திரிக்கு ஆடப்போற 26 பிள்ளைகளுக்கு வாங்குற மேக்கப், மிருகங்கள் மேல சோதனை பண்ணாததா இருக்கட்டும், பூச்சிச் சாயம் இல்லாததா இருக்கட்டும் என்று. அதுக்கு வந்த பதிலில் பாதி சிரிப்பு பொம்மை. "அண்ணனுக்கு முயல் மேல பாசம் வந்துருச்சு" என்று ஒருத்தர். "ஃபேக்டரி சூப்பர்வைசருக்கு லிப்ஸ்டிக் பத்தி என்ன தெரியும்" என்று இன்னொருத்தர். "கோயில் குரூப்பில் இது எதுக்கு" என்று மூணாவது ஆள். குரூப்பில் சண்டை போட எனக்கு விருப்பம் இல்லை. அதனால இங்க எழுதுறேன்.

லிப்ஸ்டிக் பத்தி எனக்குத் தெரியாது, உண்மைதான். கெமிக்கல் பத்தி கொஞ்சம் தெரியும். எஸ்பிஎம் முடிச்சதிலிருந்து ஃபேக்டரியில்தான் இருக்கேன். ஒவ்வொரு டிரம் கெமிக்கலோடவும் எஸ்டிஎஸ் என்று ஒரு பாதுகாப்புத் தாள் வரும். மொத்தம் 16 பகுதி. அதில் 11ஆம் பகுதியைப் பாருங்க. பல தாளில் "எல்டி 50, எலி, வாய் வழி" என்று எழுதி ஒரு எண் இருக்கும். அர்த்தம் என்னன்னா, இத்தனை மில்லிகிராம் கொடுத்தப்போ சோதனைக் கூண்டில் இருந்த எலிகளில் பாதி செத்துப் போச்சு. 1927ல் டிரெவன் என்ற ஆங்கிலேயர் கொண்டு வந்த கணக்கு அது. நம்ம ஷிப்டில் வேலை பார்க்கிற பிள்ளைங்க அந்த எண்ணைப் பார்த்துத்தான் கையுறை போடணுமா வேண்டாமான்னு முடிவு பண்றோம். நான் அதைக் கேலி பண்ணலை. ஆனா அந்த எலி யாரோட வாகனம் என்று நம்ம ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொழிற்சாலை கெமிக்கலுக்கு அப்படி ஒரு கணக்கு இருக்குன்னா ஏதோ ஒரு நியாயம் தேடலாம். கன்னத்தில் பூசுற சிவப்புக்கு என்ன நியாயம்?

முயல் கதையும் சொல்றேன், சிரிச்சவங்க கேளுங்க. 1944ல் அமெரிக்காவில் டிரெய்ஸ் என்பவர் ஒரு முறையை எழுதி வச்சார். வெள்ளை முயலோட கழுத்தை ஒரு பெட்டியில் மாட்டி, தலை மட்டும் வெளியே இருக்கும். ஒரு கண்ணில் சோதிக்க வேண்டிய பொருளை விடுவாங்க, மறு கண்ணை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டுடுவாங்க. சிவக்குதா, வீங்குதா, வெள்ளை விழுதான்னு நாள் கணக்கா மார்க் போடுவாங்க. காலாலே துடைச்சுக்க முடியாது, கழுத்து மாட்டியிருக்கே. ஏன் முயல்? விலை மலிவு, சாது, கண் பெருசு. இதில் இன்னொரு வேடிக்கை, முயல் கண்ணில் நம்ம அளவுக்குக் கண்ணீர் சுரக்காது. அப்ப அந்தக் கண்ணில் நடக்கிறது நம்ம கண்ணிலும் அப்படியே நடக்கும்னு எப்படிச் சொல்றது? 1980ல் ஹென்றி ஸ்பைரா என்பவர் நியூயார்க் பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் போட்டு ரெவ்லான் கம்பெனியை இதே விஷயத்தில் கேள்வி கேட்டார். அப்புறம்தான் அந்தக் கம்பெனி வேற வழி கண்டுபிடிக்க 7,50,000 டாலர் ஆராய்ச்சிக்குக் கொடுத்தது. ஒரே ஒரு ஆள் கேட்ட கேள்வி. இன்னிக்கு மனிதத் தோல் செல்லை லேப்பில் வளர்த்து அதில் சோதிக்கிற முறையெல்லாம் உலக அளவில் ஏத்துக்கிட்டு வருஷக் கணக்காச்சு.

"சோதனை பண்ணாத சாமானைப் பிள்ளைங்க முகத்தில் பூசி ஏதாவது ஆனா யார் பொறுப்பு?" என்று ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. நியாயமான கேள்வி, இவங்க மட்டும்தான் சிரிக்காம கேட்டாங்க. ஆனா ஞாபகப்படுத்திப் பாருங்க அக்கா. ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஆன்லைனில் மலிவா ஒரு செட் வாங்கினோமே, ஆடி முடிச்சு மறுநாள் நாலு பிள்ளைங்களுக்குக் கன்னம் தடிச்சுப் போச்சே. அதில் தயாரிப்பாளர் பேரும் இல்லை, உள்ளே என்ன இருக்குன்னும் இல்லை. ஆபத்து அங்கேதான் இருக்கு. நம்ம நாட்டில் விற்கிற எந்த அழகு சாதனமும் என்பிஆர்ஏவில், அதாவது சுகாதார அமைச்சோட மருந்து ஒழுங்குமுறைப் பிரிவில், அறிவிக்கப்பட்டிருக்கணும். அவங்க இணையதளத்தில் பேரைப் போட்டா தெரிஞ்சுடும். பாதரசம், ஹைட்ரோகுவினோன் கலந்த முகக் கிரீம்களை ரத்து பண்ணி அடிக்கடி அறிக்கை விடுறாங்களே, அது அந்த ஆபீஸ்தான். பாதுகாப்பா இருக்கான்னு அங்கே பார்க்கணும். கொடுமை இல்லாததான்னு வேற இடத்தில் பார்க்கணும். ரெண்டையும் பார்த்து வாங்கலாம்னுதான் சொல்றேன். மலேசியச் சட்டம் அழகு சாதனத்துக்கு மிருக சோதனை கட்டாயம்னு சொல்லலை, கூடாதுன்னும் சொல்லலை. அப்ப முடிவு வாங்குற நம்ம கையில்தான் இருக்கு.

இப்ப "கோயிலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்ற ஆளுக்கு வர்றேன். தம்பி, நம்ம பிள்ளைங்க ஆடப்போறது பரதநாட்டியம். அந்த ஆட்டத்தை மரியாதையோட மேடை ஏத்துனவங்கள்ல முக்கியமானவர் ருக்மிணி தேவி அருண்டேல். மதுரையில் பிறந்தவர், 1936ல் கலாக்ஷேத்ரா ஆரம்பிச்சவர். இது எல்லா நடன டீச்சருக்கும் தெரியும். ஆனா அவர் 1952ல் ராஜ்யசபாவுக்கு நியமிக்கப்பட்டதும் என்ன பண்ணார் தெரியுமா? மிருகவதைத் தடுப்புக்குத் தானே ஒரு மசோதா கொண்டு வந்தார். நேரு, அரசாங்கமே சட்டம் கொண்டு வரும்னு வாக்குக் கொடுத்ததால அதைத் திரும்ப வாங்கிக்கிட்டார். அப்படி வந்ததுதான் இந்தியாவோட 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம். 1962ல் விலங்கு நல வாரியம் அமைஞ்சப்போ அவரே தலைவர், அலுவலகம் சென்னையில். 1986ல் அவர் மறையும் வரைக்கும் அந்த வேலையை விடலை. அந்தச் சட்டம் சோதனையை முழுசா நிறுத்தலை, அதைக் கண்காணிக்க ஒரு கமிட்டி வைக்க மட்டும் வழி பண்ணுச்சு. அழகு சாதனத்துக்கு மிருகத்தைத் தொடவே கூடாதுன்னு இந்தியா விதி போட்டது 2014 மே மாசம். அதே வருஷக் கடைசியில் அப்படிச் சோதிச்ச சாமானை இறக்குமதி பண்றதையும் நிறுத்துனாங்க. 1960லிருந்து எண்ணினா 54 வருஷம். ஐரோப்பாவில் 2013 மார்ச்சிலிருந்து விற்கவே தடை.

அப்படிப்பட்ட அம்மா கொடுத்த ஆட்டத்தை ஆட, கூண்டு முயல் கண்ணில் விட்டுப் பார்த்த மையைத் தீட்டிக்கிட்டு மேடை ஏறணுமா? சம்பந்தம் இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

பூச்சி விஷயம். சிவப்பு, ரோஸ் கலர் லிப்ஸ்டிக் பலதில் கார்மைன் இருக்கு. பாக்கெட் பின்னாடி சி.ஐ. 75470 என்று இருந்தா அதுதான். கள்ளிச் செடியில் வளர்ற ஒரு சின்னப் பூச்சியைக் காய வச்சு அரைச்சு எடுக்கிறது. ஒரு கிலோ சாயத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல பூச்சி. ஒன்பது நாளும் சைவம்னு அன்னதான அண்டாவைத் தனியா கழுவி வைக்கிறோம், கரண்டி மாறினா சத்தம் போடுறோம். உதட்டில் பூசுறது வயித்துக்குள்ள போகாதா? மலாய் சகோதரிகளைப் பாருங்க, ஹலால் சின்னம் இருக்கான்னு பார்த்துத்தான் முகப் பவுடர்கூட எடுக்கிறாங்க. அது அவங்க சமயத்துக்கு அவங்க கொடுக்கிற மரியாதை. நம்ம ஆளுங்க துவாஸ் தாண்டிப் போய் சிங்கப்பூரில் வாங்கிட்டு வந்தாலும் விலையை மட்டும்தான் பார்க்கிறோம்.

"மருந்தும் மிருகத்து மேலதானே சோதிக்கிறாங்க, நீங்க பிரஷர் மாத்திரை போடலையா?" போடுறேன். தினம் காலையில் ஒண்ணு. உயிர் காக்கிற மருந்தைப் பத்தி வாதாட நான் வரலை, அது பெரிய விஷயம், பெரிய படிப்பு படிச்சவங்க பேசட்டும். லிப்ஸ்டிக் இல்லாம யாரும் செத்ததில்லை.

"அப்ப சாமிக்குச் சாத்துற புனுகு, கஸ்தூரி?" என்று ஒருத்தர் மடக்கினார். மடக்கினதா அவருக்கு நினைப்பு. நல்லா கேட்டார். புனுகு என்பது புனுகுப் பூனையைக் கூண்டில் வச்சு அதோட சுரப்பியிலிருந்து வழிச்சு எடுக்கிறது, கஸ்தூரிக்கு மானையே கொல்றாங்க. கடையில் சில வெள்ளிக்கு விற்கிற குப்பியில் அசல் இருக்க வாய்ப்பே இல்லை, வெறும் செயற்கை வாசனைதான். அசலாவே கிடைச்சாலும் எனக்கு வேண்டாம். இதை நம்ம குருக்கள்கிட்டயே கேட்டேன். "சந்தனமும் பன்னீரும் போதும், அம்பாள் கேட்கலை" என்றார். அது முடிஞ்சுது.

சரி, எப்படி வாங்குறது? இதில்தான் என் ஃபேக்டரி அனுபவம் உதவுது. "எங்கள் தயாரிப்பு மிருகங்கள் மீது சோதிக்கப்படவில்லை" என்று பாக்கெட்டில் எழுதியிருந்தா உடனே நம்பாதீங்க. தயாரிப்பு என்றால் கடைசியா டியூபில் அடைச்ச சாமான். உள்ளே போற மூலப் பொருளை சப்ளையர் சோதிச்சிருப்பான். நம்ம லைனுக்கு வர்ற பார்ட்டுக்குக்கூட சப்ளையர் கையெழுத்து இல்லாம நான் இறக்க விடுறதில்லை. தாவும் முயல் சின்னம் இருந்தா சப்ளையர் வரைக்கும் கேட்டிருக்காங்க, வெளி ஆள் ஆடிட்டுக்கும் ஒத்துக்கிட்டிருக்காங்க. பீட்டா சின்னம் என்றால் கம்பெனி எழுதிக் கொடுத்த உறுதிமொழி. ஆடிட்டுக்கும் உறுதிமொழிக்கும் வித்தியாசம் ஃபேக்டரியில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். ரெண்டும் இல்லாததுக்கு எது இருந்தாலும் மேல்தான், முதலாவது கிடைச்சா நல்லது. முயல் சின்னம் இருந்தாலும் கார்மைனும் தேன்மெழுகும் இருக்கலாம், அதனால பின்பக்கமும் படிக்கணும். வெள்ளையாக்குற கிரீம் வேண்டவே வேண்டாம். சீனாவில் 2021 மே மாசத்திலிருந்து சாதாரண இறக்குமதிச் சாமானுக்கு நிபந்தனையோட சோதனையை விலக்கிட்டாங்க, ஆனா வெள்ளையாக்குற கிரீம், தலைமுடிச் சாயத்துக்கெல்லாம் அந்த விலக்கு இல்லை. அதோட, நம்ம பிள்ளைங்க நிறத்துக்கு என்ன குறைச்சல்?

விலை அதிகம்னு சொல்றவங்க ஒரு தடவை வாட்சன்ஸ், கார்டியன் போய்ப் பாருங்க. கார்னியர் 2021லேயே தாவும் முயல் சான்று வாங்கிருச்சு. நிக்ஸ் பீட்டா பட்டியலில் இருக்கு. ரெண்டும் பணக்காரக் கடைச் சரக்கு இல்லை. என் கணக்குப்படி ஒரு பிள்ளைக்கு 15 வெள்ளி ஒதுக்கினா பகிர்ந்து உபயோகிக்கிற மாதிரி தரமானதே வாங்கலாம். 26 பிள்ளைக்கு 390 வெள்ளி. போன வருஷம் மேடைப் பலூனுக்கு மட்டும் நாம இதைவிட அதிகம் செலவு பண்ணோம். மறுநாள் அத்தனையும் குப்பைத் தொட்டியில் கிடந்துச்சு.

ஞாயித்துக்கிழமை காலை பூசை முடிஞ்சு கமிட்டி கூட்டம். மகளிர் அணித் தலைவிகிட்ட பேசிட்டேன், எழுதிக் கொடுத்தா தீர்மானமா வைக்கலாம்னு சொல்லிட்டாங்க. நடன டீச்சர் கண் மை, பவுண்டேஷன், லிப்ஸ்டிக் எத்தனை வேணும்னு எழுதித் தர்றாங்க. 390ல் 100 வெள்ளி என் உபயம். மீதி 290க்கு யார் முன்வர்றீங்களோ கீழே பேரைப் போடுங்க. குரூப்பில் சிரிப்பு பொம்மை போட்டவங்க பேருக்கும் இடம் இருக்கு.