கருவிழி மெலியும் நோய்

தருமபுரி மாவட்டத்து வாசகி ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். கல்லூரியில் பயிலும் அவர்தம் மகனுக்குக் கண்ணாடியின் 'பவர்' ஆண்டுதோறும் ஏறுகிறதாம். 'கெரட்டோகோனஸ்' என்று மருத்துவர் கூறினாராம். பன்றித் தோலிலிருந்து கருவிழி செய்கிறார்களாமே, அது வரும்வரை பொறுத்திருக்கலாமா என வினவுகிறார்.

பொறுத்திருக்க வேண்டாம் என்பதே நம் விடை.

கண்ணின் முன்புறத்தைக் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் மூடியுள்ள தெளிந்த படலம் அரை மில்லிமீட்டர் அளவே கனமுள்ளது. இந்நோயில் அது மெலிந்து, கூம்புபோல் முன்தள்ளுகிறது. பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கும். கண்ணைக் கசக்குவது நோயை வளர்க்கும். தாய்மார் அப்பழக்கத்தை முதலில் நிறுத்துவார்களாக. வைட்டமின் பி2 சொட்டுமருந்தை ஊற்றி, புற ஊதாக் கதிரால் படலத்தை இறுகச் செய்யும் சிகிச்சை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாயிற்று. அது நோயை நிறுத்துமேயன்றி இழந்த பார்வையை மீட்காது. ஆகவேதான் காலந்தாழ்த்தலாகாது என்கிறோம்.

முற்றிய நிலையில் மாற்றுக் கருவிழி பொருத்துவர். 1905-இல் மொராவியாவில் டாக்டர் சிர்ம் முதன்முதலில் இதில் வெற்றி கண்டார். நம் நாட்டின் முதற் கண் வங்கியை 1945-இல் சென்னையில் டாக்டர் முத்தையா நிறுவினார். நன்கு தேர்ந்த முறைதான். ஆயினும் தையல், நெடுநாள் சொட்டுமருந்து, உடல் அதனை ஏற்க மறுக்கும் அபாயம் ஆகியவை உண்டு. மருத்துவரிடம் பன்முறை சென்றுவரவும் வேண்டும். அரூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து செல்வோருக்குப் பேருந்துச் செலவும் கூலியிழப்பும் சிறியனவல்ல.

வாசகி கேள்வியுற்றது சுவீடன் நாட்டு லிங்சோப்பிங் பல்கலைக்கழக அறிஞர்களின் ஆய்வு. பன்றித் தோலின் கொலாஜன் புரதத்தைத் தூய்மையாக்கிச் செய்த மெல்லிய படலத்தை, நோயாளியின் கருவிழியை அகற்றாமலே, சிறு கீறல்வழி உள்ளே செருகினர். தையலில்லை, சொட்டுமருந்தும் எட்டு வாரங்களே. இந்தியாவிலும் ஈரானிலும் 20 பேருக்குச் செய்து, 2022-இல் முடிவை வெளியிட்டனர். முன்பு பார்வையற்றோராகக் கணிக்கப்பட்ட 14 பேரில் எவரும் ஈராண்டுக்குப் பின் அந்நிலையில் இல்லை. வியத்தகு செய்திதான்! எனினும் 20 பேர் என்பது சிறு தொகை. கருவிழியில் ஆழ்ந்த தழும்பு உள்ளவர்க்கு இம்முறை போதாது.

சென்னையில் டாக்டர் சூசன் ஜேக்கப் கண்ட வழி நமக்கு அருகிலுள்ளது. முழுக் கருவிழிக்கு மாறாக, வளைவான சிறு துண்டுகளைச் செருகிக் கூம்பைத் தாழ்த்துகிறார். ஆனால் அத்துண்டுகளும் தானக் கருவிழியிலிருந்து எடுக்கப்படுபவையே.

கண்தானத்துக்குத் திருச்சபை தடையா எனச் சிலர் இன்னும் ஐயுறுகின்றனர். இத்தாலியக் குரு கார்லோ ஞோக்கி 1956 பிப்ரவரியில் இறக்கும்போது தம் கருவிழிகளைப் பார்வையற்ற இரு சிறார்க்கு அளித்தார். அவ்வாண்டு மே மாதத்திலேயே திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், இறந்தோரின் கருவிழியை எடுப்பதில் தவறில்லை என விளக்கினார்.

இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண் எடுக்கப்பட வேண்டும். கண் வங்கியினர் மலையூர்களுக்கு வந்துசேர நேரமாகும், உடனே தெரிவியுங்கள். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.